ரசம் சோறு பிசையும் கை

ராஜபாளையம்,
10 செப்டம்பர் 2025.

அன்புள்ள ஷெரினுக்கு,

பாண்டீஸ்வரி அக்கா மகள் கல்யாணத்தன்று காலையில் நான் அக்காவிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நாங்கள் செய்து கொடுத்த செயற்கைக் கையில், கட்டைவிரலை இழுக்கும் நரம்புக் கயிறு அறுந்துகொண்டிருந்தது. மூன்று இழைகளில் இரண்டு பிரிந்து தொங்கின. ஒன்றுதான் பாக்கி. பந்திக்கு அரைமணி நேரம் இருந்தது. மாற்றுவதற்கு வேறு நரம்பு என் பையில் இல்லை. மேலுறையை மறுபடி இழுத்து மூடிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

கல்யாணப் படத்தை உனக்கு அனுப்பியிருந்தேன். பதிலுக்கு நீ கட்டைவிரல் குறி ஒன்று போட்டிருந்தாய். நடந்தது அதற்குள் அடங்காது என்பதால்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். "அவ அந்த ஊருல என்னத்தத் திங்கா, ஒன்கிட்டயாவது சொல்லுதாளா?" என்று கேட்டார்கள். நீ ஜெர்மனிக்குப் போன இந்த ஒன்றரை வருடத்தில் என்னிடமும் சொன்னதில்லை. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று உன் சார்பில் நானே சொல்லி வைத்தேன்.

ஸ்பூன் நாளைப் பற்றி நாம் இருவரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை. நம் முதல் கையை அக்காவுக்கு மாட்டி, ஒரு தட்டில் எலுமிச்சைச் சோறு வைத்து, பக்கத்தில் ஸ்பூனையும் வைத்தோம். நீ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். விரல்கள் ஸ்பூனை எவ்வளவு அழகாகப் பற்றின! இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தார். "ஏட்டி, ஸ்பூன்ல திங்கதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?" என்றார். மேலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு கை, வெள்ளக்காரிகிட்ட எரவல் வாங்குனதா?" என்றும் கேட்டார். நம் பட்டறை லேத்தில் நின்ற தனுஷ்கோடி அண்ணன் சிரித்துவிட்டார். நீகூடச் சிரித்தாய்.

அதற்குப் பிறகு அக்கா சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. மில்லில் பஞ்சு சிக்கெடுக்கும் மெஷின் அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவார். விசேஷ வீடுகளில் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, வயிற்று வலி என்று சொல்லி எழுந்து வந்துவிடுவார். "எம் மகளுக்கு ஒரு நா கல்யாணம் வரும். சம்பந்தி பந்தியில மாப்பிள்ள அம்மாவும் நானும் பக்கத்து எலையில உக்காரணும். அன்னைக்குப் போயி வயித்து வலின்னு சொல்ல முடியுமா? அதுக்குத்தான் கை கேட்டேன். டம்ளர் புடிக்க எடது கையே போதும்" என்றார்.

உன் கண் கலங்கியதைப் பார்த்தேன். எட்டு மாத உழைப்பு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயர்களைச் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே உனக்கு அங்கே வேலை வந்தது.

நீ போன பிறகு நாம் சேர்த்து வைத்திருந்த வீடியோக்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். செயற்கைக் கை முட்டையை உடையாமல் தூக்குகிறது, கண்ணாடிக் கோப்பையைப் பிடிக்கிறது, ஷூவுக்கு நாடா கட்டுகிறது. ஒன்றாவது சோறு பிசையவில்லை. எதிர்கால மனிதன் என்று பத்திரிகைகளில் போடும் படங்களிலும் எல்லாம் இருக்கிறது, சாப்பாட்டு இலை மட்டும் இல்லை. அந்தக் கைகளைச் செய்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஷெரின். அவர்கள் தங்கள் சாப்பாட்டை மனதில் வைத்துச் செய்தார்கள். நாம்தான் நம் சாப்பாட்டை மறந்துவிட்டுச் செய்தோம். அன்று மதியம் நாமே விரலால் தயிர்ச்சோறு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு ஸ்பூனை நீட்டியிருக்கிறோம்.

அதனால் முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள மெஸ்ஸுக்குப் போனேன். முதலாளியிடம் அனுமதி வாங்கி, சாப்பிடுகிறவர்களின் விரல்களை மட்டும் படம் எடுத்தேன். சிலர் கூச்சப்பட்டு இலையை மறைத்தார்கள். ஒரு பெரியவர், "நான் எம்புட்டுத் திங்கேன்னு எம் பொண்டாட்டிகிட்ட போட்டுக் குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். பிசைவதில் ஒவ்வொருவரும் ஒரு விதம். ஆனால் கவளம் உதட்டருகே வந்ததும் எல்லாரும் ஒன்றையே செய்கிறார்கள். நான்கு விரல் தாங்கிக்கொள்ள, கட்டைவிரல் பின்னாலிருந்து உள்ளே தள்ளுகிறது. இருபத்தாறு வருடமாக நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஒரு நாள்கூட அதைக் கவனித்ததில்லை.

அக்காவின் முன்கைத் தசைகள், போய்விட்ட விரல்களை அசைக்க இன்னமும் துடித்துக்கொண்டிருந்தன என்பது உனக்குத் தெரியும். அந்தத் துடிப்பை சென்சார் பிடிக்கும். எது பிசைவது, எது அள்ளுவது, எது தள்ளுவது என்று பிரித்தறியக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். அவர் முன்னால் ஒரு வெற்று இலையைப் போட்டு, சாப்பிடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரம் திரையில் வந்தது வெறும் கிறுக்கல். நான் சென்சாரைக் குறை சொன்னேன், புரோகிராமைத் திருத்தினேன். பதினைந்தாம் நாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா எலையப் போட்டுட்டுத் தின்னு தின்னுன்னா எப்படிட்டி திங்க? வாசன வந்தாத்தான கை நீளும்?" என்றார்.

மறுநாள் சூடாகச் சோறும் மிளகு ரசமும் தூக்குச்சட்டியில் கொண்டு போனேன். இலையில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றியதும் ஆவி எழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திரையில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக எழுந்து அடங்கின. இல்லாத கையால் அவர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். தனுஷ்கோடி அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டார்.

அப்புறம் மூன்று மாதம், தினமும் மதியம் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தோம். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. மேலுறைதான் பாடாய்ப் படுத்தியது. ரசம் உள்ளே இறங்கும், பருக்கை இடுக்கில் சிக்கும், சூட்டில் ஓரம் சுருங்கும். ஒன்பது உறை வீணானது. வியர்வையை உறிஞ்ச உள்ளே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை வைத்துத் தைத்தோம். நிறத்துக்கு அண்ணன் தன் கையை மாதிரி வைத்துக் கலந்தார். "இது தனுஷ்கோடி கலருல்லா? எனக்கு இன்னும் கொஞ்சம் கருப்பா வேணும்" என்று அக்கா திருப்பி அனுப்பினார். பத்தாவது உறை சரியாக வந்தது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமும் அங்கேதான். மணமகள் அறையில் கையைக் கடைசியாகச் சரிபார்த்தபோதுதான் அந்த நரம்பைக் கண்டேன். அறுந்தால் கட்டைவிரல் அசையாது. கவளம் வாய்வரை போய், உள்ளே போகாமல் பட்டுச்சேலையில் விழும். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் விழும். வெளியே வந்து தனுஷ்கோடி அண்ணனுக்குப் போன் செய்து, பட்டறையிலிருந்து புது நரம்பை எடுத்து வரச் சொன்னேன். "இந்தா, பாதித் தூரம் வந்துட்டேன்" என்றார். பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

அக்காவிடம் சொன்னால் கையைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொள்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அது என் பந்தயம் அல்ல, அவருடைய மானம். அதை வைத்து ஆட எனக்கு என்ன உரிமை என்று யோசித்து முடிப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தண்ணீர் ஜக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பரிமாறுகிறவள் மாதிரி எதிரே போய் நின்றேன். அக்காவும் சம்பந்தியம்மாவும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர்வரிசைச் சின்னப்பிள்ளைகள் கையையே வாய் பிளந்து பார்த்தார்கள். சாம்பார் வந்தது. அக்கா வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து இலையில் வைத்தார். விரல்கள் பிசைந்தன, அள்ளின. மணிக்கட்டு திரும்பியது. கவளம் உதட்டுக்குப் போனது. கட்டைவிரல் தள்ளியது.

நான் மூச்சு விட்டேன். இரண்டாவது கவளம். மூன்றாவது. சம்பந்தியம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். கையைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்து ஜக்கோடு ஓரடி முன்னால் போனேன். அவர் கேட்டது வேறு. "மதினி, சாம்பார்ல உப்பு செத்த கூடிப்போச்சோ?"

அக்கா அவசரப்படவில்லை. இன்னொரு வாய் எடுத்து, மென்று, யோசித்துவிட்டுச் சொன்னார். "உப்பு சரியாத்தான் இருக்கு மதினி. புளிதான் தூக்கலா இருக்கு."

ஷெரின், உலகத்தில் எந்த மேடையிலும் எந்தக் கைதட்டலும் எனக்கு அந்தப் பதிலுக்கு ஈடாகாது. ஆறு வருடத்துக்கு மேல் வயிற்று வலி என்று எழுந்து போனவர், சம்பந்தி பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் குறை சொல்கிறார்! அவர் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி அண்ணன் ரச வாளியோடு வந்தவர், அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கடைசி இலையிலிருந்து யாரோ, "ஏலே சங்கிலி, ரசம் இந்தப் பக்கமும் வரணும்லா! பொண்டாட்டிய வீட்ல போயிப் பாத்துக்கிடு" என்று சத்தம் போட்டார். பந்தியே சிரித்தது. அக்காவும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார். சின்னப்பிள்ளைகள் கையை மறந்துவிட்டுப் பாயசம் எப்போது வரும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரசம், மோர், பாயசம் எல்லாம் முடியும்வரை அந்த ஒற்றை இழை தாங்கியது. கை கழுவும் இடத்தில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் குழாயடியில் வலது கையை நீட்டி, எல்லாரையும் போலக் கழுவிக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியும்ட்டி. காலைல மாட்டும்போதே பெருவெரலு லேசா ஆடிச்சு. நீ கண்டுபுடிச்சி கழத்திருவியோன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன். விழுந்தா விழட்டும், ஒரு வாயாவது திம்போம்னு உக்காந்துட்டேன்."

அவர் மானத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்தேன். அதை இலையில் கொண்டுபோய் வைக்கும் துணிச்சல் அவரிடம் முன்பே இருந்திருக்கிறது. எங்கள் வேலை அந்தத் துணிச்சலுக்கு ஒரு கை செய்து கொடுத்தது மட்டும்தான். தனுஷ்கோடி அண்ணன் நரம்போடு வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி ஆரம்பித்திருந்தது. "அவசரம்லாம் தீந்துதுல்லா? அப்ப சாப்புட்டுட்டு வாரேன்" என்று இலையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்காலம் எங்கோ தயாராகி நமக்குப் பார்சலில் வந்து சேரும் என்றுதான் நானும் நீயும் படித்த காலத்தில் நினைத்திருந்தோம். வந்ததைப் பிரித்து மாட்டிக்கொள்வது நம் பங்கு. இப்போது அப்படித் தோன்றவில்லை. இந்தப் பட்டறையில், புளி தூக்கலான சாம்பாரைத் தொடத் தெரிந்த ஒரு கையாக அதில் ஒரு துண்டு தயாராகியிருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். கவளத்தை வாய்க்குத் திருப்பிய அந்த மணிக்கட்டு மூட்டு நீ வரைந்தது. விரல்களை மாற்றினேன், நரம்பை மாற்றினேன், உறையைப் பத்து தடவை மாற்றினேன். உன் மூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றவில்லை, மாற்றத் தேவைப்படவில்லை. தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு நீ விமானம் ஏறினாய். அப்படி இல்லை என்று அன்றே சொல்லத் தெரியாமல் நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாவது ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன் என்கிறார்கள் உன் அம்மா. கிடைக்காது என்று தோன்றினாலும் கேட்டுப் பார். குளிரில் உடம்பைக் கவனித்துக்கொள். என்னத்தத் திங்கிறாய் என்று எனக்காவது எழுது.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
யோகேஸ்வரி.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து ஐந்து நாள் உறையில் போடாமலே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை, வத்திராயிருப்பிலிருந்து இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவர் நெல் அடிக்கும் மெஷினில் கையைக் கொடுத்தவர், இன்னொருத்தி கல்லூரியில் படிக்கும் பெண், அவளுக்கும் ஒரு கை இல்லை. பட்டறைக்கு வந்திருந்த பாண்டீஸ்வரி அக்கா இருவரிடமும் என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்டார். பிறகு டேப்பின் ஒரு முனையை வலது கையில் பிடித்துக்கொண்டு அளவெடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.