பாறைக்குழம்பு எவ்வளவு மேலே வந்துவிட்டது?

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் 'சூப்பரா இருக்கேம்மா' என்பாய், அந்தச் சூப்பரில்தான் எனக்குச் சந்தேகமே. போனில் பிடித்தால் சிரித்து மழுப்பிவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், அப்பா போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவார், நீ முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடிப்படி விளக்கு மறுபடி எரியவில்லை, உன் அத்தை அவள் ஆபீஸில் எல்லோரிடமும் நீ எரிமலைக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதை விடு, நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மாதமாக நீ என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாய். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, முட்டி வலி எப்படிம்மா. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நீ இப்படிக் கேட்டதில்லை. ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். படத்தில் ஒன்றும் இல்லையென்றால் எங்கள் டாக்டர் வள்ளென்று விழுவார், 'போங்க போங்க, நல்லாத்தான் இருக்கீங்க' என்பார். ஏதாவது இருந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு 'உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா' என்பார். நீ எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறாயோ என்று தோன்றிவிட்டது.

அப்புறம் உன் பேச்சையெல்லாம் கோத்துப் பார்த்தேன். பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் இருக்கிறது என்று நான் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அங்கே கிடப்பது கெட்டிப் பாறைதான், பயங்கரச் சூடு, ஆனால் மேலே இருக்கிற பாரம் அழுத்துவதால் உருக முடியாமல் கிடக்கிறது, அது மெல்ல மெல்ல மேலே நகரும்போது பாரம் குறைந்து உருகத் தொடங்கும், சில இடங்களில் கடலடித் தரை உள்ளே அமிழும்போது கூடவே போகிற தண்ணீராலும் உருகும் என்றாய். அதுவும் மொத்தமாக இல்லை, ஈர மணலில் தண்ணீர் மாதிரி துகள்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம்தான், அந்தப் பாறைக்குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட லேசு என்பதால் ஏறி ஏறி வழியில் எங்கேயாவது சேர்ந்து தங்கும், அங்கிருந்து விரிசல் போட்டுக்கொண்டு கிளம்பும்போது குட்டிக் குட்டி நடுக்கம் வரும், அதை வைத்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்போம், உங்க சென்டர்ல வயித்துக்குள்ள பாக்குற மாதிரிதாம்மா என்றாய். எனக்கு ஞாபகமறதி என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் நடுக்கம் எங்கேடி என்று கேட்டேன், ரொம்ப ஆழத்துலம்மா என்றாய். அப்புறம் கேட்டதற்கு நடுவுல என்றாய். போன வாரம் வாய் தவறி, இப்பல்லாம் மேலாப்புலதான் என்று சொல்லிவிட்டு உடனே என் முட்டியை விசாரித்தாய். அதற்கும் என் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

உன் அப்பாவும் சரியில்லை. வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார், காயப்போட்ட துணியை எடுக்கவாம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை எடுத்து வந்ததில்லை. சும்மா போட்டு வாங்கலாம் என்று, சூடு ஏறினால்தானே உருக வேண்டும், பாரம் குறைந்தால் பாறை ஏன் உருகுகிறது என்று கேட்டேன். மனிதர் யோசிக்கவே இல்லை. 'கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தா என்ன ஆகும்? அதுவரைக்கும் அடங்கிக் கிடந்த தண்ணி குபீர்னு பொங்கும்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உள்ள கரைஞ்சிருக்கிற கேஸும் மேல வர வரப் பிரிஞ்சு' என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லாரி இன்ஜினைத் தவிர எதைப் பற்றியும் வாய் திறக்காதவருக்கு மலைக்குள் இருக்கிற கேஸ் எப்படித் தெரிந்தது? கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தேன், மாடியில் போனில் நீ அவரிடம் சொன்ன எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மலைச்சரிவு உப்பிக்கொண்டு வருகிறதாம், கேஸ் கூடிக்கொண்டே போகிறதாம், நீ கருவியைப் பார்க்க அடிக்கடி மேலே ஏறுகிறாயாம். அடிவாரத்து ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று நீ கேட்டதற்கு உங்கள் பெரிய அதிகாரி பொறு என்றாராம், பாதி வழியிலேயே நின்று ஆறிக் கல்லாகிப் போவதும் உண்டு, ஊரைக் கிளப்பிவிட்டு ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள் என்றாராம். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று தினமும் காலையில் ரேடியோவில் படிப்பது நீயாம்.

நீ படித்ததை அப்பா போனில் போட்டுக் காட்டினார். அந்த ஊர் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் குரல் காதில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது, தேன் ஒழுகப் பேசுகிறாய், என்னிடம் மாத்திரை போட்டியாம்மா என்று கேட்கிற அதே குரல். நேற்றுவரை உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மட்டும்தான் பயந்தேன், இப்போது உன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. உறுதியாகத் தெரியாது என்றால் தெரியாது என்றே படி. ஆழத்தில் இருந்தது மேலே வந்திருக்கிறது, நிற்குமா வெளியே வருமா தெரியாது, குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் முதலில் அனுப்புங்கள் என்று படி. ஒன்றும் நடக்காவிட்டால் திட்டுவார்கள், திட்டட்டுமே. எங்களிடம் நல்ல ரிப்போர்ட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வீணா அலைய விட்டீங்களே என்று திட்டிவிட்டுத்தான் போகிறார்கள், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷம்தான். வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடு, உன் அறை அப்படியேதான் இருக்கிறது.

நீ நோய் நொடியில்லாமல் தலை நரைத்து என்னைவிட அதிகம் வாழ வேண்டும், உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மேலே ஏறினால் முகமூடி இல்லாமல் போகாதே, காற்று உன் பக்கம் திரும்பினால் கருவியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி வா. என்னிடம் பொய் சொல்ல வேண்டுமானால் தாராளமாகச் சொல்லிக்கொள், நான் பிடித்துவிடுவேன். அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லாதே கண்ணு. அவர்களுக்கு உன் வார்த்தை புரியும், உன் குரல் புரியாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா