டாக்டர் மேசையில் நான் தைத்த பை

செவ்வாய், ராத்திரி.

சாயங்காலம் வீட்டுக்காரி செல்வியைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனேன். பழைய மாத்திரையிலேயே அவளுக்குப் பிரஷர் அடங்கித்தான் இருந்துச்சு. மனுசன் அதை அடிச்சிட்டு வேற எழுதினார்.

"ஏன் சார் மாத்துதீய?"ன்னு கேட்டேன்.

"இது புதுசு, நல்லா கேக்கும்."

மேசை மேல ஒரு தோல் பை. போன மாசம் மருந்து கம்பெனி ஆர்டருக்கு எங்க காரக்கானா பட்டறையில நான் தைச்சது. டாக்டர்மாருக்குக் குடுக்கன்னு முதலாளி சேட் சொன்னதால இன்னும் பாத்து பாத்துத் தைச்சேன். மூடியில மாத்திரை பேரைத் தங்க எழுத்துல அச்சுப்போட்டதும் நான்தான். சீட்டைப் பாத்தேன். அதே பேரு.

"பை நல்லாருக்கே சார்"ன்னேன்.

"சும்மா வந்துச்சு"ன்னு சிரிச்சார்.

மெடிக்கல்ல கேட்டா, பழைய மாத்திரையை விட மூணு மடங்கு விலை.

சும்மாவாம். என் தையல் பத்து வருசத்துக்குப் பிரியாது. அதுவரைக்கும் இந்த மாத்திரையத்தான் எழுதுவான், நாசமாப் போறவன்.