ராஜாக்கள் அடுப்படியில் இருந்தார்கள்

தம்பி,

இன்று காலை கீழ் வீட்டில் யாரோ வெந்தயம் அரைத்தார்கள். தோசைக்காகத்தான் இருக்கும். மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வலது கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கையில் ஈரம் ஏதும் இல்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ இதைப் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே நீ கடிதம் படிக்கிறவன் இல்லை. உறையைத்தான் வாங்கிக்கொள்வாய், தபால் தலைக்குப் பக்கத்தில் விழுந்த முத்திரை வட்டத்துக்காக. ஆனாலும் உன்னைப் பற்றி ஊரார் சொல்லிவைத்தது அப்படியே நின்றுபோவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதற்காக எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில் இருந்த வருஷங்களில்தான் நாம் கிறிஸ்துமஸ் குடில் வேலை செய்தோம். மற்ற வீடுகளில் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, ஓட்டை விழுந்த முறத்துக்குப் பூசுவார்கள். நம் வீட்டில் அந்தக் கூழ் மலையாகும், மாட்டுக் கொட்டகையாகும். டிசம்பர் பிறந்ததும் அப்பா ஸ்டேஷனிலிருந்து பழைய பேப்பர் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். மூன்று நாள் அண்டாவில் ஊறும். பிறகு நான் ஆட்டுக்கல் முன்னால் உட்காருவேன்.

"இட்லிக்கு அரைக்கிற கல்லு அது. நாளைக்கு இட்லியில நியூஸ் வரும்" என்பார் அம்மா.

உனக்கு ஈரம் ஆகாது. ஒரு சொட்டு கூழ் விரலில் பட்டால், தோல் சிவக்கும் வரை சுவரில் தேய்ப்பாய். ஆனால் கூழுக்குள் என்ன இருக்கிறது என்பது உனக்குத்தான் தெரியும். அதனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். பிடித்து, என் கையைக் கூழுக்குள் அழுத்துவாய், திருப்புவாய், இழுப்பாய். போதும் என்றால் விட்டுவிடுவாய். நானாக ஒரு விரலை நகர்த்தினால் அதற்கு மன்னிப்பு கிடையாது; முழுவதையும் கலைத்து மறுபடி முதலிலிருந்து. காய்ந்த பிறகு அது முழுக்க உன் வேலை. உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவாய், உப்புத்தாள் போடுவாய், ஒற்றை மயிர் போன்ற தூரிகையால் வர்ணம் தீட்டுவாய். அப்போது நான் பக்கத்தில் இருக்கிறேனா இல்லையா என்பதே உனக்குத் தெரியாது.

கை என்னுடையது. அதனால் பார்த்தவர்கள் எல்லாரும் வேலையும் என்னுடையது என்றார்கள். "என் பொண்ணு செஞ்சது" என்று அம்மாவும் சொல்வார். நானும் சும்மா நின்றிருக்கிறேன். பதினைந்து வயதில் பாராட்டு வேண்டியிருந்தது.

நீ சொன்ன வார்த்தைகள் கொஞ்சம். அதிலும் பாதி அப்பாவின் வேலை வார்த்தைகள். சரி என்றால் "லைன் கிளியர்". கூடாது என்றால் "சிக்னல் இறங்கலை". கைகாட்டி இறங்காமல் எந்த வண்டியும் ஸ்டேஷனுக்குள் வரக் கூடாது என்பது உன் உலகத்தின் முதல் சட்டம்.

நம் குடிலில் மூன்று ராஜாக்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் வந்தார்கள். எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் அன்றே மாதா, சூசையப்பர், இடையர், ராஜாக்கள் என்று ஒட்டுமொத்தமாக வைத்துவிடுவார்கள். நீ வைக்க விடவில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க ராஜாக்கள் வந்து சேர்ந்தது ஜனவரி ஆறு என்று மாதா கோயிலில் சொல்லியிருந்தார்கள். நீ அதைக் கேட்டிருந்தாய், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் புறப்படுவார்கள். நாளுக்கு மூன்று தரை ஓடு தூரம். அடுப்படி, நடை, கூடம். அம்மா குழம்புச் சட்டியோடு அவர்களைத் தாண்டித் தாண்டிப் போவார். நீ செய்த ராஜாக்கள் கையில் பெட்டி ஏந்தியவர்கள் இல்லை. ஸ்டேஷன் போர்ட்டர் மாதிரி தலையில் சும்மாடு கட்டி, பொன்னையும் தூபத்தையும் வெள்ளைப்போளத்தையும் தலைச்சுமையாகக் கொண்டு வந்தார்கள். கழுத்து நரம்பு கூடத் தெரியும்.

உனக்குப் பதினொரு வயது, எனக்குப் பதினாறு. அந்த வருஷம் பங்குக் கோயிலில் குடில் போட்டி வைத்தார்கள். பார்வையிட இருபத்தேழாம் தேதி மாலை இரண்டு பேர் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். குடிலில் எல்லாச் சொரூபமும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எனக்குப் பரிசு வேண்டியிருந்தது. அதை இன்று மறைத்துப் பயனில்லை. அப்பாவிடம் சொல்லி, பாசஞ்சர் பார்க்க உன்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். நீ போனதும் ராஜாக்களை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து தொழுவத்துக்கு முன்னால் வைத்தேன். நடையில் எத்தனை ஓடு தாண்டினேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பேன்.

வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பெத்லகேமுக்குப் பின்னால் நீ வைத்திருந்த, பாதியில் நின்ற ரங்கநாதர் கோயில் மொட்டைக் கோபுரத்தைக் காட்டி, "இது எதுக்கும்மா?" என்றார்.

"வாசல்ல நின்னா தெரியுது சார், அதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, போவட்டும். ராஜாக்கள் பிரமாதம். யாரு செஞ்சது?"

"என் பொண்ணுதாங்க" என்றார் அம்மா.

அப்போது நீ வந்தாய். பாசஞ்சர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டிருக்கிறது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. உன் பின்னாலேயே அப்பா, சட்டைப் பொத்தான் திறந்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு.

நீ கத்தவில்லை. கத்துவாய் என்றுதான் நான் பயந்திருந்தேன். தொழுவத்தைப் பார்த்தாய். "சிக்னல் இறங்கலை" என்றாய். மறுபடியும், அதே குரலில், "சிக்னல் இறங்கலை." பிறகு வந்தவர்களுக்கு நடுவே நுழைந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். என் கையை முதல் ராஜாவின் மேல் கொண்டுபோய் வைத்தாய்.

ராஜாக்கள் காய்ந்துதான் இருந்தார்கள். நீயே எடுத்திருக்கலாம். வைத்தது என் கை, எடுக்க வேண்டியதும் என் கை என்று நினைத்தாயா? எனக்குத் தெரியாது. உன் மனதில் என்ன ஓடியது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் கையைத் தளரவிட்டு, நீ ஏதோ முரண்டு பிடிக்கிறாய் என்று அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்க முடியும் என்பது மட்டும் தெரியும். அப்படிச் சிரித்த ஆட்களை நிறையப் பார்த்திருந்தேன்.

"அவனை உள்ள கூட்டிட்டுப் போடி" என்றார் அம்மா, உதடு அசையாமல்.

ராஜாவைக் கையில் எடுத்தேன்.

"நல்லாத்தானேம்மா இருக்கு, ஏன் எடுக்கிற?" என்றார் பெரியவர்.

"இவங்க இன்னிக்கு அடுப்படியிலதான் இருக்கணும் சார். தப்பா வெச்சது நான். செஞ்சது இவன். மலை, கோபுரம், எல்லாமே இவன்தான்."

"இந்தப் பையனா?"

"ஆமா சார். கூழ் அரைச்சது மட்டும் நான்."

கூட வந்த இளைஞர் அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன சார், உங்க வீட்டு ராஜாக்கள் பாசஞ்சர்லயா வராங்க?"

"லேட்டானாலும் வந்திருவாங்க தம்பி" என்றார் அப்பா. கதவோரமாக நகர்ந்து நாம் போக வழிவிட்டார்.

மூன்று முறை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தோம். ஒவ்வொரு முறையும் நீ மணிக்கட்டை விடவில்லை. திரும்பி வந்தபோது பெரியவர் எழுதுகிற அட்டையை மூடிவிட்டிருந்தார். "சொரூபம் குறைஞ்சா மார்க் போட முடியாதும்மா" என்றார், வருத்தமாகவே.

"ஆறாம் தேதி வாங்க சார். அன்னிக்கு இருப்பாங்க."

ஆறாம் தேதி யாரும் வரவில்லை. நாம் நான்கு பேர்தான். கடைசி மூன்று ஓடுகளையும் கடந்து ராஜாக்கள் தொழுவத்தை அடைந்ததும் "லைன் கிளியர்" என்றாய். அப்பா நிஜமாகவே தொப்பியைக் கழற்றினார். அம்மா பத்து நாளாகப் பேசாமல் இருந்தவர், உனக்கு முதலில் பாயசம் ஊற்றினார்.

அதன் பிறகு நம் வீட்டுக்கு யார் வந்தாலும் நீ கூடத்திலேயே இருந்தாய். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தபோதும் அதுவே என் நிபந்தனை. "பையன் அன்னிக்கு மட்டும் பெரியம்மா வீட்ல இருக்கட்டுமே" என்று தரகர் சொன்னார். அப்படியென்றால் நானும் பெரியம்மா வீட்டில் இருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இதைத் தியாகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அந்த மாப்பிள்ளையின் முகம்கூடத் தெரியாது.

இப்போது உன் போன்றவர்களுக்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பதாக ஒரு டாக்டர் சொன்னார். புத்தகம் வாங்கிப் படித்தேன். அடையாளங்களின் பட்டியலில் பாதி நீ. மீதிப் பாதி எங்கள் கல்லூரியின் துறைத் தலைவர். பெயர் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் முன்னூறு பக்கத்திலும் உன்னைப் போல ஒருவன் செய்த பொருள் ஒன்று இல்லை. மொட்டைக் கோபுரத்தையும் கட்டி முடித்துவிட்டார்கள். நீ இருந்தால் ஒப்புக்கொள்ளமாட்டாய்.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது உனக்கு இருபத்திரண்டு. துக்கத்துக்கு வந்தவர்கள், "ஆண்டவர் ஒரு பாரத்தை இறக்கி வெச்சார்" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அம்மா கையை உருவிக்கொண்டார். இறப்பைப் பதிவு செய்ய நான் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர்தான், நிமிராமலே கேட்டார்: "தொழில் இல்லைன்னு போட்டுடவா?"

"சிற்பின்னு போடுங்க."

நிமிர்ந்தார். "சம்பளம் வாங்கினாரா?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்."

என்னையும் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையையும் பார்த்தார். எழுதினார். மை காயும் வரை நான் நகரவில்லை.

போன ஜூனில் கல்லூரி அட்மிஷன். ஜீயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். விண்ணப்பத்தில் அண்ணன், வயது இருபத்து மூன்று, தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள்.

"அண்ணன் என்ன பண்றார்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் பண்ணலைங்க மேடம். அவன் கொஞ்சம் வேற மாதிரி."

"வீட்ல நாள் பூரா என்ன பண்றார்னு கேட்டேன்."

"வாழை நாரை உரிச்சு ஏதாச்சும் பின்னிக்கிட்டே இருப்பான் மேடம். கூடையும் இல்ல, பாயும் இல்ல. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டான்."

"நல்லா இருக்குமா?"

யோசித்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "இருக்கும் மேடம்" என்றாள்.

"அப்ப நார்ப் பின்னல் கலைஞர்னு எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். "பென்சில்ல எழுதட்டுங்களா மேடம்?" என்றாள், மெதுவாக.

என் பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

அக்கா