மகன்களின் நம்பர்கள்

4 ஆகஸ்ட் 2025

இன்று நான் சொல்லாதது: வீட்டு வாடகையையும் தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸையும் நான்தான் கட்டுகிறேன். வீரபாண்டியனின் பைக்குக்கு அவன் அப்பா பெட்ரோல் போடுகிறார். நான் பவுடர் பூசுவதில்லை.

கடையில் சம்பள உயர்வு. எட்டு மாதம் முன்பு சேல்ஸில் சேர்ந்த வீரபாண்டியனுக்கு மூவாயிரம். ஐந்து வருடமாகப் பில் போடும் எனக்கு ஐந்நூறு. முதலாளி முத்துக்கருப்பன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஒனக்கென்னத்தா செலவு? பூவு, பவுடரு, ரெண்டு புக்கு. அவன் ஆம்பளப்பிள்ளை, நாலு எடம் போவான் வருவான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

5 ஆகஸ்ட்

மறக்க மாட்டேன்.

11 செப்டம்பர்

மதுரையிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் வாடிக்கையாளர்களின் மெம்பர் கார்டுகளை வைத்து யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். பத்தில் ஏழு பேர் நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்களாம். ஐம்பது தாண்டிய பெண்கள் ஏறக்குறைய இல்லையாம்!

அந்தக் கார்டுகளைப் போட்டவள் நான். நெற்குப்பை ஊரிலிருந்து தேனம்மை ஆச்சி, பேத்தி கல்யாணச் சாமானுக்காக மாதாமாதம் வருகிறார். சம்படம், தூக்கு, அடுக்கு என்று எல்லாம் பாத்திரம். நம்பர் கேட்டால், "என் நம்பர் எதுக்குத்தா? பெங்களூருல இருக்கிற சின்ன மகன் பேரையும் வயசையும் நம்பரையும் போடு. ஆத்தா என்ன வாங்குறாகன்னு அவனுக்கும் தெரியட்டும்" என்பார். எல்லா ஆச்சிகளும் இப்படித்தான். கம்ப்யூட்டருக்குத் தெரிவது மகனை மட்டும்.

15 செப்டம்பர்

மாடியிலிருக்கும் பாத்திரங்களை எடுத்துவிட்டு ஹெட்போன், வாட்ச், டிரிம்மர், ஷூ என்று நிரப்பப் போகிறார் முதலாளி. "இனிமே எளவட்டப் பயலுகதான் நமக்குக் கஸ்டமரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ படிக்கிற பிள்ளை, நீ என்னத்தா சொல்றே?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"அதான் ரிப்போர்ட்டே சொல்லுதே முதலாளி" என்றேன்.

16 செப்டம்பர்

படித்த நாவல்களில் பழிவாங்குகிறவர்கள் வாள் எடுக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதுவும் பழிதானா?

ஆமாம். ருசியாகவே இருக்கிறது.

3 அக்டோபர்

பாத்திரங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்ற பொன்னுத்தாயி அக்கா இப்போது கீழே சோப்பு அடுக்குகிறார். "எந்தக் கிறுக்குப்பயடி சொன்னான், ஆச்சிக பாத்திரம் வாங்கலைன்னு?" என்று என்னைக் கேட்டார். பில் ரோல் மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

12 டிசம்பர்

தையில் பேத்தி கல்யாணம். இரண்டு மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, தேனம்மை ஆச்சி பட்டியலோடு வந்து நின்றார். "பாத்திரமெல்லாம் எங்குட்டுத்தா போச்சு?" வீரபாண்டியன் ஓடிவந்து ஹெட்போனைக் காட்டினான். ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, கல்யாண வீட்டுல சாமான் பரப்புறப்ப இதை எந்த அண்டா மேல மாட்டி வைக்கிறது?"

நான் கண்ணாடிக் கதவு வழியே எதிர்க்கடையைக் காட்டினேன். "அங்குட்டுப் போங்க ஆச்சி. எல்லாம் இருக்கு."

இந்த வாரத்தில் பதினோராவது ஆச்சி. முதலாளி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

9 ஜனவரி 2026

இளவட்டங்கள் மாடிக்கு வரத்தான் செய்கிறார்கள். ஷூவை மாட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, அங்கேயே நின்று போனில் வேறு எங்கோ ஆர்டர் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். முதலாளியிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடலாமா? வேண்டாம். தெரியாமலே கிடக்கட்டும்.

31 ஜனவரி

மாடியைப் பூட்டிவிட்டார். ஆட்களையும் குறைத்துவிட்டார். "பொம்பளைகளை வீட்டுல யாராச்சும் பாத்துக்கிருவாக" என்றார். பொன்னுத்தாயி அக்காவையும் என்னையும் இன்றோடு நிறுத்தியாயிற்று. நாளையிலிருந்து வீரபாண்டியன் பில் போடுவான்.