நீளத் துண்டின் அளவு

தை மூணு. ராத்திரி.

எங்க ஊர்ல சிக்னல் கிடைக்காது. பூண்டு மூட்டை ஏத்துன அண்ணன் ஜீப்லயே பெருமாள்மலைக்கு எறங்கி, என் ஆராய்ச்சிக்கு கைடா இருக்கிற சாருக்கு ஃபோன் போட்டேன்.

பத்திரிகைக்கு அனுப்பப்போற கட்டுரையிலருந்து, நீளத் துண்டுல நான் அளந்ததை எடுத்துரலாம்னார். நாங்க லேப்ல செஞ்ச மெல்லிசான படலத்துல எலக்ட்ரான் நடுவுல போகாது, ஓரத்துலதான் ஓடும். ஸ்பின், அதாவது எலக்ட்ரானோட சுழற்சி, ஒரு மாதிரி இருக்கிறது ஒரு திசையில, மாறி இருக்கிறது எதிர்த் திசையில. வழியில அழுக்கு கெடந்தாலும் திரும்பி வராதுங்கிறதுதான் கணக்கு. படலத்தைக் குட்டியா வெட்டி அளந்த துண்டுல அப்படியே வந்துச்சு. நீளத் துண்டுல சிலது பாதி வழியில திரும்புது.

"ரிவ்யூவர் அதைத்தான்மா பிடிச்சுத் தொங்குவான்."

"தொங்கட்டும் சார். அது ஏன் திரும்புதுங்கிறதுதான் நம்ம கேள்வியே. அதை எடுக்கணும்னா என் பேரையும் எடுத்துருங்க."

இத்தனை வருஷத்துல சாரை நான் எதிர்த்துப் பேசுனதே இல்லை. அந்தப் பக்கம் சத்தமே காணோம். கோவம்போலன்னு காத்துக்கிட்டு நின்னேன்.

அண்ணன் என் ஃபோனை எட்டிப் பாத்துச்சு. "மேகம் எறங்கி டவர் போயிருச்சு பாப்பா. யார்ட்ட இந்தப் போடு போடுற?"

எது வரைக்கும் அவர் காதுல விழுந்துச்சோ. மலை ஏறி வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு. கேட்டிருந்தா சரி. கேக்கலைன்னா நாளைக்கு வெள்ளனே எறங்கிப் போயி இன்னொரு வாட்டி சொல்லுவேன். எனக்கு அப்படிச் சொல்ல வரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.