தோளுயர ஆவாரை

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கடிதத்தையாவது பிரித்துத்தானே ஆக வேண்டும். அண்ணன் காலமான பிறகும் கோடை ஞாயிறுகளில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவீர்கள், ஓடைப் பாதையில் சேர்ந்து நடப்போம். இந்த மாதம் தனியாகத்தான் போனேன். நெருஞ்சி தரையோடு தரையாக மஞ்சளாய்க் கிடக்கிறது. "மிதிச்சுடாதே" என்று அதட்ட ஆளில்லை.

போன மாதம் நீங்கள் ஓடையில் விழுந்தது என்னால்தான். வழுக்குக் கல் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபம் ஆறியதா?

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 29

நாத்தனாருக்கு,

கோபமெல்லாம் இல்லை. முட்டி வலி. தலைமையாசிரியைக்கு விடுமுறையிலும் வேலை விட்டபாடில்லை. இனி நடைக்கு என்னை எதிர்பார்க்காதே. பூக்களைப் பற்றியும் எழுத வேண்டாம்.

அண்ணி

மே 18

அன்புள்ள அண்ணிக்கு,

வேண்டாம் என்றீர்கள், கை கேட்கவில்லை. கோடை மழை பெய்தது. நெருஞ்சிப் பூவெல்லாம் முள்ளாகிவிட்டது. கொழுஞ்சி முழங்கால் உயரத்துக்கு ஊதாவாய் நிற்கிறது. அந்தக் கல்லை ஆள் வைத்துப் புரட்டிப் போட்டாயிற்று. என் தையல் கடைக்கு வருகிறவர்கள் உங்களைக் கேட்கிறார்கள். "நான்தான் தண்ணியில தள்ளிட்டேன், கோவிச்சுக்கிட்டாங்க" என்று சிரித்து வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மே 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

என் பழியை நீ சுமக்கிறாய் என்று படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. கல்லும் வழுக்கவில்லை.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. அன்று பாதையோரப் புதர்களையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒதுங்க ஒரு மறைவில்லை. நீ முன்னால் பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாய். என் சேலை நனைந்துவிட்டது. அது தெரியக் கூடாதென்று வேண்டுமென்றே ஓடையில் உட்கார்ந்தேன். பிறகு உன்மேலேயே எரிந்து விழுந்தேன்.

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். நினைத்தால் உடம்பு கூசுகிறது. உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு அன்றே தெரியும். நீங்கள் ஓடையில் உட்காருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்துவிட்டேன். தையல்காரி கண் துணியில்தானே விழும். கையைப் பிடித்திருக்க வேண்டியவள், பார்க்காத மாதிரி இன்னும் சத்தமாகப் பூக்கதை பேசினேன். எனக்கும் கூசத்தான் செய்கிறது. கல்லைப் புரட்டியதெல்லாம் புளுகு. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. வெட்டிய ஆவாரை துளிர்த்து என் தோளுயரம் வந்துவிட்டது, கொத்துக் கொத்தாகப் பூ. நேற்று ஓடை வரைக்கும் ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் உட்கார்ந்து பார்த்தேன். கடைப் பெண்ணைப் பாதையில் நிறுத்தியிருந்தேன். "அக்கா, எங்க போயிட்டீங்க?" என்று கத்தினாள், பாவம்.

ஞாயிறு முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். பையில் மாற்றுச் சேலை இருக்கும். இந்த முறை நீங்கள் முன்னால் நடங்கள், அண்ணி. நான் பின்னால் வருகிறேன்.

உங்கள் நாத்தனார்