ஒன்பது பட்டறையும் ஒரே அளவும்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டோம். அதை முதலில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மருத்துவமனைக் கட்டில் நாற்பதும் போய்ச் சேர்ந்தன, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இனி வருடம் முழுக்க அந்த வேலை நம் தெருவுக்குத்தான் என்று கையெழுத்தாகிவிட்டது. ஒன்பது பட்டறையும் சேர்ந்து ஒரே ஆர்டராக எடுப்போம் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தார்களே, அதே ஆட்கள்தான் செய்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தானே கோபித்துக்கொண்டு, லேத்தை என் தலையில் கட்டிவிட்டு, அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் கட்டிலைப் பூட்டிப் பார்த்த அன்று மானம் போயிற்று. நம் லேத்தில் கடைந்த போல்ட், வெல்டர் போட்ட ஓட்டைக்குள் நுழையவில்லை. சக்கரம் காலில் உட்காரவில்லை. ஆளாளுக்குத் தன் அளவுக் கருவியை, அந்த வெர்னியரைத் தூக்கிக் காட்டி, என் அளவு சரி, உன்னுடையதுதான் தப்பு என்று ஒரே சண்டை. இரண்டு நாள் கழித்து மறுபடி கூடியபோதும் அதே கதை. சக்கரக்காரர் எழுந்து வாசல்வரை போய்விட்டார். அவர் போனால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள். எனக்கு அதுதான் பயம்.

ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நம் வெர்னியரைப் பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்திருந்தேன். யாரையும் தொடவிடாமல் துணியில் சுற்றி வைத்திருந்தீர்களே, அந்தச் செல்லப்பிள்ளை அரை மில்லிமீட்டர் தப்பு. அதை எல்லோர் முன்னாலும் மேஜையில் வைத்து, எங்களுடையது தப்பு என்று சொன்னேன். பிறகு வெல்டர் தன்னுடையதை எடுத்து வைத்தார். சக்கரக்காரரும் திரும்பி வந்தார். சோதித்துப் பார்த்ததில் ஒன்பதில் ஏழு தப்பு.

இப்போது தெருமுனையில் பொதுவாக ஓர் அளவறை வைத்திருக்கிறோம். அங்கே பார்க்காமல் ஒரு திருகுகூட வெளியே போகாது. மெத்தை தைப்பவர்கள் இரண்டு பேர் நம் தெருவுக்கே வந்துவிட இடம் தேடுகிறார்கள்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் பேரை முதலில் சொன்னது யார் தெரியுமா? அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்த சக்கரக்காரர்தான். "அவரு வரட்டும்மா, நானே மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அளவு தப்பு என்று தெருவே கேட்கும்படி சொன்னவள் நான். கோபம் வரும், தெரியும். அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி